பத்தாம் ஸ்லாட்டின் ஊமைக் கார்டு

லூசியன் கோர்மியேவைப் பற்றி அமெரிக்காவின் லோவெல் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் வரும். பனி கொட்டினால் தன் வாசலைத் தள்ளுவதற்கு முன் எதிர்வீட்டு விதவையின் வாசலைத் தள்ளிக் கொடுப்பான். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தில் மீன் பொரிக்கிறார்கள் என்றால் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பவன் அவன்தான். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ஜாதி. அதனால்தான் அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு தடவை அவன் எழுதிக் கொடுத்த ஆறு வரியும் சுத்தமான உண்மை. ஆறு உண்மையை அடுக்கி ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்க முடியும் என்பது அவனுக்குத் தெரியும். பதினாறு வருஷம் அதை அவன் ஒருவனிடமும் சொல்லவில்லை.

லூசியனின் அப்பா கால்வாய் ஓரத்து ஆலையில் தறி ரிப்பேர் பார்த்தவர். தறிகள் தெற்கே போய்விட்டன. அதே செங்கல் கட்டடத்தில் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் செய்தார்கள், அதுவும் போயிற்று. எண்பத்தொன்பதில் மூன்றாம் மாடிக்கு ஒரு புதுக் கம்பெனி வந்தது. ஊரில் அதைப் பெட்டிக் கம்பெனி என்றார்கள். கடற்படையில் ரேடியோ வேலை பழகிய லூசியன் அங்கே வெளியூர் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்தான். வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய், பொருத்திக் கொடுத்து, கெட்டால் போய்ப் பார்க்கிற வேலை.

அந்தப் பெட்டிதான் ஹப். ஓர் ஆபீஸின் நூறு கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேருகிற இரும்புப் பெட்டி. மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு. ஒவ்வொரு கார்டும் ஒரு ரிப்பீட்டர். ஒரு ஒயரில் கேட்டதை மற்ற எல்லா ஒயரிலும் திருப்பிச் சொல்வது மட்டும்தான் அதற்குத் தெரியும், வேறு புத்தி கிடையாது. பெட்டியின் முதுகில் ஒரு பலகை, அதில் செம்புத் தடங்கள். அந்தப் பொதுத்தடத்தை பஸ் என்பார்கள். ஒரு கார்டு தான் கேட்டதைத் தடத்தில் போடும், மற்ற கார்டுகள் அதை எடுத்துத் தங்கள் ஒயர்களில் சொல்லும். பன்னிரண்டும் சேர்ந்து ஒரே கார்டு மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு.

சவூன் அந்த மாடியில் கடைசி மேஜையில் இருந்தாள். கம்போடியாவிலிருந்து தாய்லாந்து எல்லை முகாம் வழியாக மூன்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவள். புருஷன் வந்து சேரவில்லை. பெட்டி லாரி ஏறுவதற்கு முன் கார்டுகள், தகடுகள், ஸ்க்ரூக்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துவது அவள் வேலை. முத்திரை எண் முப்பத்தொன்று. முடுக்கிய ஸ்க்ரூ மேல் மஞ்சள் வார்னிஷால் ஒரு சின்னக் கோடு போடுவது வழக்கம். கோடு ஸ்க்ரூ தலையில் தொடங்கிப் பெட்டியின் சட்டத்தில் முடியும். பிற்பாடு யாராவது ஸ்க்ரூவைத் திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தடவை அந்த வார்னிஷ் புட்டி காய்ந்து போய்ப் புதுசு வரத் தாமதமாயிற்று. சவூன் வீட்டிலிருந்து தன் சிவப்பு நெயில் பாலிஷைக் கொண்டுவந்து வேலையை நிறுத்தாமல் ஓட்டினாள். மேனேஜர் ஹோய்ட் பார்த்துவிட்டு, "பெட்டியைக் கல்யாணத்துக்கா அனுப்புறோம்?" என்றார். மஞ்சள் வந்த பிறகும் அவள் சிவப்பை விடவில்லை. ஹோய்ட்டும் விட்டுவிட்டார், ஏனென்றால் அவள் கையால் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

லூசியனும் அவளும் மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். அவனிடம் மனைவி பாலின் கட்டிக் கொடுத்த பன்றிக்கறி வைத்துச் சுட்ட ரொட்டி, அவளிடம் சோறும் ஊறுகாய் மீனும். அந்த மீன் வாசனைக்கு நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். லூசியன் போகவில்லை. அதுவும் அவன் கணக்கில் எழுத வேண்டிய புண்ணியம்தான்.

ஒரு நாள் சவூன் ஒரு கார்டைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்தாள்.

"லூ, இதுல ஒண்ணுமே இல்லையே. சிப் இல்ல, லைட் இல்ல. நடுவுல ஒரே ஒரு செம்புக் கோடு. இதை எதுக்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கச் சொல்றாங்க?"

"காலியா இருக்கிற ஸ்லாட்ல வைக்கிறது. ஊமைக் கார்டு."

"பேரு எனக்கும் தெரியும். எதுக்குன்னு கேட்டேன்."

லூசியனுக்கு விளக்கம் சொல்வதென்றால் கொள்ளை ஆசை. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "இந்த மேஜையில எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா என்ன ஆகும்?"

"தினமும் அதுதானே ஆகுது."

மேஜை சிரித்தது. லூசியன் விடவில்லை. "பெட்டிக்குள்ள அப்படி ஆகக் கூடாது. தடம் ஒண்ணுதான். அதனால மேல இருக்கிறவன் பேச ஆரம்பிச்சா, பக்கத்தில இருக்கிறவனை முழங்கையால ஒரு இடி இடிப்பான். அவன் அடுத்தவனை இடிப்பான். இடி வாங்கினவன் வாயை மூடிக்கணும். இப்ப நடுவுல ஒரு நாற்காலி காலின்னு வச்சுக்க."

"இடி அங்கயே நின்னுடும்."

"நின்னுடுதா? கீழ இருக்கிறவங்க, மேல யாரும் பேசலைன்னு நெனச்சு ஆரம்பிச்சுடுவாங்க. ரெண்டு பேச்சும் ஒரே தடத்துல விழுந்து கூழாயிடும். யாரும் யாரோடயும் மோதினதாவே தெரியாது. மோதினா எரியுற லைட்டுகூட எரியாது."

சவூன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இவ பேச மாட்டா. இடியை வாங்கி அடுத்தவளுக்குக் குடுக்க மட்டும் உக்காந்திருக்கா."

"அவ்வளவுதான்."

"முகாம்ல அரிசி வரிசையில நான் அப்படித்தான் நின்னேன்," என்றாள் சவூன். அவளேதான் முதலில் சிரித்தாள். அன்று முதல் மற்ற கார்டுகளை ஒரு தடவை சரிபார்ப்பாள் என்றால் ஊமைக் கார்டை இரண்டு தடவை சரிபார்ப்பாள். லூசியன் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறான்.

தொண்ணூற்றொன்று அக்டோபரில் பக்கத்து ஊரான நாஷுவாவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு அவள் முத்திரை போட்ட பெட்டி ஒன்று போயிற்று. மேலே எட்டுக் கார்டு, கீழே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஊமைகள். லூசியன்தான் பொருத்தினான். இரண்டு வாரம் கழித்து விசிறி சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். போய் விசிறியை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னோர் ஊரிலிருந்து அவசரப் போன். அங்கே ஒரு பெட்டியின் நடுவில் கெட்டுப்போன கார்டைக் கழற்றிவிட்டார்கள், உடனே ஓர் ஊமை வேண்டும். வேனில் ஊமை தீர்ந்து போயிருந்தது.

சர்வீஸ் ஆட்களிடம் இதற்கென்று ஒரு பழக்கம் உண்டு. "வாலிலிருந்து எடு" என்பார்கள். பேசுகிற கார்டு எல்லாம் மேலே இருக்கும்போது அதற்குக் கீழே இருக்கும் ஊமையை எடுத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. இடி வாங்க அங்கே ஆளே கிடையாது. எடுத்துவிட்டு, தூசி போகாமல் வாசலில் ஒரு வெறுந்தகட்டைப் போட்டு மூட வேண்டும். அன்றைக்கே பெட்டியின் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த தடவை வரும்போது புது ஊமையைத் திருப்பி வைக்க வேண்டும். லூசியன் பத்தாம் ஸ்லாட்டிலிருந்து எடுத்தான், தகட்டைப் போட்டு மூடினான். மற்ற இரண்டையும் வேனில் ஏறும்போதே மறந்துவிட்டான்.

ஜனவரியில் அந்த ஆபீஸ் மேல்மாடியையும் பிடித்தது. இரண்டு கார்டு வாங்கினார்கள். அவர்கள் ஆளே செருகினான். மேல்மாடி ஒயர் கீழ்ப்பக்கமாக வந்ததால், பதினொன்றிலும் பன்னிரண்டிலும் செருகினான். ஒன்பதிலும் பத்திலும் வெளியே தகடு தெரிந்தது. ஒரு தகட்டுக்குப் பின்னால் கார்டு இருந்தது, இன்னொன்றுக்குப் பின்னால் காற்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி.

அதற்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு, எல்லாரும் மும்முரமாக உட்கார்ந்த நேரத்தில், ஆபீஸ் முழுக்கக் கூழாயிற்று. மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனால் தானாகச் சரியாயிற்று. லூசியன் மூன்று தடவை போனான். கார்டை மாற்றினான், ஒயரை மாற்றினான், அந்த ஆபீஸ் ஆளை நாலு வார்த்தை திட்டியும் பார்த்தான். மூன்று வாரம் ஓடிற்று. எல்லாக் கிளையிலும் இருக்கிற உங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று ஹோய்ட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது.

நாலாவது தடவை, ஒரு சோதனைக் கார்டைச் செருகலாம் என்று லூசியன் பத்தாம் தகட்டைக் கழற்றினான். உள்ளே பின்பலகை வரைக்கும் ஒரே இருட்டு. மண்டியிட்டபடி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்டோபர் மாதத்து விசிறி, போன், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பையிலிருந்து ஓர் ஊமையை எடுத்துச் செருகினான். நோய் போய்விட்டது.

சட்டத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பாதிக் கோடுகள் சிவப்பாக நின்றன. மறுபாதிகள் அவன் எடுத்துக்கொண்டு போன ஊமையின் ஸ்க்ரூக்களில் எந்த ஊரிலோ இருந்தன. பெட்டி கம்பெனியிலிருந்து போகும்போது பத்தாம் ஸ்லாட்டில் கார்டு இருந்தது, சவூன் போட்டாள், அதை வெளியே யாரோ கழற்றினார்கள் என்பதற்கு அந்த இரண்டு துளிதான் சாட்சி.

அந்த மாதம் கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பாலினுக்கு மார்பில் கட்டி, மார்ச்சில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். வேலை போனால் வைத்தியக் காப்பீடும் கூடவே போகும். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் அவனைப் பற்றிச் சொல்வதில் நியாயம் இருக்காது. ஆனால் இதையெல்லாம் சொன்ன பிறகும் அவன் செய்தது செய்ததுதான். அந்த இரண்டு சிவப்புத் துளியையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். நெயில் பாலிஷ் லேசில் வராது. நகம் மடங்கி வலித்தது. வரும்வரைக்கும் சுரண்டினான்.

அறிக்கை ஆறு வரி. பத்தாம் ஸ்லாட்டில் ஊமைக் கார்டு இல்லை. வெறுந்தகடு மட்டும் இருந்தது. அதனால் இடி கீழே போகவில்லை. ஊமைக் கார்டு வைக்கப்பட்டது. கோளாறு நீங்கியது. பெட்டியின் முத்திரை முப்பத்தொன்று. இதில் எந்த வரி பொய்?

ஹோய்ட் அவனையும் கூட்டிக்கொண்டு சவூன் மேஜைக்குப் போனார். கையில் அந்தத் தாள்.

"சவூன், இந்தப் பெட்டி உன்னுதுதானே? பத்தாவதுல ஊமை வைக்காமயே போயிருக்கு."

"நான் வச்சேன்."

"எல்லாருக்கும் மறக்கும். உன்னைக் கொல்ல வரலை."

"வச்சேன். சிவப்பு போட்டேன். போய்ப் பாருங்க."

ஹோய்ட் திரும்பினார். "லூ, சிவப்பு ஏதாவது இருக்கா அங்க?"

லூசியனின் காது சிவக்கவில்லை. "அங்க சிவப்பு எதுவும் இல்ல," என்றான். அதுவும் உண்மைதான். அப்போது அங்கே இல்லை.

சவூன் அவனைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தாள். ஒரு கையை இன்னொரு கை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நான்தான் மறந்திருக்கேனா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் பதினோரு பேரை அனுப்பினார்கள். அவள் பெயர் முதலில் இருந்தது. கடைசி நாள் மத்தியானம், தன் சாப்பாட்டு டப்பாவையும் நெயில் பாலிஷ் புட்டியையும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு லூசியனிடம் வந்தாள்.

"லூ, மேஜையில உக்கார வச்சு அவ்வளவு சொல்லிக் குடுத்தீங்க. அப்படியும் மறந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமந்தவள் பாவம் செய்தவனிடம் மன்னிப்புக் கேட்டதை லூசியன் நின்று வாங்கிக்கொண்டான். "பரவாயில்ல சவூன்," என்றுகூடச் சொன்னான். பிற்காலத்தில் மற்றதையெல்லாம் தனக்குத்தானே ஏதோ சமாதானம் சொல்லி ஆற்றிக்கொள்ள முடிந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஆற்றிக்கொள்ளவே முடியவில்லை.

பாலின் பிழைத்தாள். மேலும் பதினோரு வருஷம் இருந்தாள். அந்தப் பதினொன்றில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்து சிரிக்கும்போது, இது சவூன் வீட்டிலிருந்து எடுத்துவந்த சோறு என்று லூசியனுக்குத் தோன்றும். பாலினிடமும் சொல்லவில்லை. தொண்ணூற்றேழில் கம்பெனியை யாரோ வாங்கி மூடினார்கள். ஹப்புகளுக்குக் காலம் போய் ஸ்விட்ச் வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு ஒயருக்கும் தனிவழி, யாரும் யார் இடிக்கும் காத்திருக்க வேண்டாம். பெட்டிகள் எடைக்குப் போயின. சவூனுக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டான். சரி, பிழைத்துக்கொண்டாள், அதுவும் கடந்து போயிற்று என்று நினைத்தான். அப்படி நினைக்கத்தான் அவனுக்கு வசதியாக இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் பல் சுத்தம் பண்ணப் போனான். புதுப் பெண் ஒருத்தி முகமூடியோடு வந்தாள், பெயர் போபா. நாற்காலியைச் சாய்த்து அவன் வாயில் இரண்டு கம்பியையும் ஓர் உறிஞ்சு குழாயையும் வைத்துவிட்டு அவளே பேச ஆரம்பித்தாள். பல் ஆஸ்பத்திரியில் பேச்சு எப்போதும் ஒருவழிப் பாதைதான்.

"சார்ட்ல பழைய வேலைன்னு பெட்டிக் கம்பெனி போட்டிருக்கீங்க. எங்கம்மாவும் அங்கதான் இருந்தாங்க. சவூன். கடைசி மேஜை."

லூசியன் தொண்டைக்குள் ஏதோ சத்தம் போட்டான்.

"தெரியுமா? அம்மா சந்தோஷப்படுவாங்க. ஆனா அந்த இடத்தைப் பத்திப் பேசினா அழுவாங்க. ஒரு தடவை ஏதோ ஒரு தகடு வைக்க மறந்துட்டாங்களாம். ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் அவங்களால வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பவே முடியாது. மூணு தடவை போய்க் கதவை ஆட்டிப் பாக்கணும். அடுப்பை அணைச்சமான்னு பாதி வழியில திரும்பணும். என் அண்ணன் கல்யாணத்துக்கு கலிஃபோர்னியா போக பிளைட்டையே விட்டோம். நான் சொன்னேன், அம்மா, நீங்க அணைச்சீங்க, நானே பாத்தேன்னு. 'என் கையை நம்ப முடியாதுடி, அது ஒரு தடவை என்னை ஏமாத்திடுச்சு'ங்கிறாங்க. வாயை இன்னும் கொஞ்சம் திறங்க."

இவ்வளவு காலமும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டிருந்தவன், சொல்ல வேண்டும் என்று தவித்த நேரத்தில் வாயில் நிஜமாகவே இரும்பு இருந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. போபா கையை எடுத்து, "வலிக்குதா?" என்றாள். வலிக்கிறது என்று தலையை ஆட்டினான்.

சவூனின் பிழைப்பைக் கெடுத்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான். பிழைப்பை அவள் வேறொரு இடத்தில் தேடிக்கொண்டாள். அவன் எடுத்தது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் நடுவில் கம்போடியர்களுக்குப் புத்தாண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு லூசியன் சவூன் வீட்டுக்குப் போனான். அடுத்த ஞாயிறு போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று நாலு ஞாயிறைத் தள்ளிவிட்டுத்தான் போனான். சவூன் பட்டுச் சேலை போன்ற பாவாடையும் வெள்ளைச் சரிகைச் சட்டையுமாகக் கோயிலுக்குக் கிளம்பி நின்றாள். முடி முழுக்க நரைத்திருந்தது.

"லூ! கிழவனாயிட்டீங்களே. வாங்க, வாங்க. போபா, அந்த ஒட்டரிசிப் பொட்டலத்தை எடு."

"சாப்பிட வரல சவூன். ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீ சாப்பாடு போடமாட்டே."

சமையலறையில் நின்றபடியே சொன்னான். விசிறி, போன், பத்தாம் ஸ்லாட், வெறுந்தகடு, நகம். எதையும் அழகுபடுத்தவில்லை. பாலினைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாக்குச் சொன்னதாகிவிடும் என்று நினைத்தான்.

சவூன் மகளைப் பார்த்தாள். "இவ சொன்னாளா உங்ககிட்ட, எனக்குப் பைத்தியம்னு?"

"கதவைப் பத்திச் சொன்னா."

"அதான் வந்திருக்கீங்க. பாவம், ஆறுதல் சொல்வோம்னு. எல்லாரும் சொல்லிட்டாங்க லூ. யாராவது எடுத்திருப்பாங்கன்னு இவ சொல்வா, கோயில் பிக்குகூடச் சொல்லிட்டார். நீங்க எதுக்கு உங்க மேல பழியைப் போட்டுக்கிறீங்க?"

"மேல ஒரு கோடு," என்றான் லூசியன். "அது நேரா இருந்துச்சு. கீழ ஒண்ணு. அது நேரா இல்ல. இடமிருந்து வலமா சரிஞ்சு, கடைசியில ஒரு வால் மாதிரி நீண்டிருந்துச்சு."

சவூன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"கீழ் ஸ்க்ரூவுக்குச் சட்டத்தோட விளிம்பு இடிக்கும். வலது கை போகாது. இடது கையாலதான் போடுவேன்." இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். "அதான் வால்."

"ஆமா."

"அன்னிக்குப் போய்ப் பாருங்கன்னு சொன்னேனே. நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன்."

"நான் மன்னிப்பு வேற கேட்டேன்."

"நான் பரவாயில்லன்னு சொன்னேன்," என்றான் லூசியன்.

"பாலினுக்கு உடம்பு முடியலைன்னு எனக்குத் தெரியும் லூ. ஊர்ல யாருக்குத் தெரியாது? என்கிட்ட வந்து, சவூன், இப்படி ஆயிடுச்சு, நீ மறந்ததாச் சொல்லிக்கன்னு கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன். வேலை போனா இன்னொரு வேலை. ஆனா உள்ளுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிருக்கும், நான் வச்சேன்னு. அதை எதுக்கு எடுத்தீங்க?"

பதினாறு வருஷமாக எத்தனையோ கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தான். இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை.

"மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல," என்றான்.

"கேக்காதீங்க," என்றாள் சவூன். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து சட்டையை நீவி விட்டுக்கொண்டாள். "இன்னிக்கு வருஷப் பிறப்பு. என்னால இன்னிக்குச் சொல்ல முடியாது. நாளைக்கு முடியுமான்னும் தெரியல. போபா, நேரமாச்சு."

போபா ஒட்டரிசிப் பொட்டலம் ஒன்றை வாழையிலையோடு அவன் கையில் வைத்தாள். அம்மா முன்னமே சொல்லிவிட்டாளே என்று வைத்தாளோ, மனசு கேட்காமல் வைத்தாளோ. லூசியன் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து தன் வண்டியில் உட்கார்ந்தான். சாவியைத் திருகக் கை வரவில்லை.

சவூன் கதவைப் பூட்டினாள். ஒரு தடவை. படி இறங்கினாள். மூன்றாவது படியில் நின்று தன் கையைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று இறங்கி வந்து மகளுடைய காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பிப் போகவில்லை. லூசியன், தாமதமானாலும் சொன்னோமே, நல்லவேளை, சொன்னோமே என்று ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தான்.

அவர்கள் கார் தெருமுனை வரை போயிற்று. அங்கே பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகப் பின்னுக்கு வந்து வீட்டு வாசலில் நின்றது. சவூன் இறங்கினாள். லூசியன் பக்கம் பார்க்கவில்லை. படியேறிப் போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.